டீவியேஷன் லாகில் என்ன எழுதுவது? புதிய கோஆர்டினேட்டர்களுக்கு

போன வருஷம் ஒரு சைட்டுக்கு (ட்ரயல் நடக்கும் ஆஸ்பத்திரி) மானிட்டரிங், அதாவது பதிவுகளைச் சரிபார்க்க, போயிருந்தேன். சர்க்கரை நோய் மருந்து ட்ரயல், பதினோரு மாதமாக ஓடுகிறது, 22 நோயாளிகள். டீவியேஷன் லாகை, அதாவது ட்ரயல் திட்டத்திலிருந்து விலகியதையெல்லாம் எழுதும் பதிவேட்டை, திறந்தால் தலைப்பு மட்டும் அச்சாகியிருக்கிறது, கட்டங்கள் எல்லாம் வெள்ளை. அங்கே ட்ரயல் வேலைகளைக் கவனிக்கும் கோஆர்டினேட்டர் பெண் பக்கத்தில் பெருமையாக நிற்கிறாள். "ஒண்ணுமே இல்லக்கா, எல்லாம் கிளீன்" என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கன்சென்ட் (நோயாளியின் சம்மதம்) படிவங்களையும் லேப் ரிப்போர்ட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆறு டீவியேஷன் கிடைத்தது.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. டீவியேஷன் என்றால் குற்றம், யாராவது பெரிதாகத் தப்பு செய்தால்தான் அது வரும் என்று நினைத்திருந்தாள். நானும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவள்தான். தென்மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஏழு வருஷம் ஸ்டடி கோஆர்டினேட்டர், அப்புறம் ஒன்பது வருஷமாக மானிட்டர். இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தில், புதிதாக வருபவர்களுக்கு நான் வாயால் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் வார்த்தையைத் தெளிவாக்கிக்கொள்வோம். ப்ரோட்டோகாலில் (ட்ரயலை எப்படி நடத்த வேண்டும் என்ற திட்ட ஆவணம்) எழுதியிருப்பதற்கும் உங்கள் சைட்டில் நடந்ததற்கும் நடுவில் எந்த வித்தியாசம் இருந்தாலும் அது டீவியேஷன். யாருடைய தப்பு என்ற கேள்வி அந்த வரையறைக்குள் வரவே வராது. நோயாளி காய்ச்சலில் படுத்துவிட்டதால் விசிட் தள்ளிப்போனாலும் டீவியேஷன்தான். இவற்றில் சிலவற்றை மட்டும் முக்கியமானவை என்று தனியாகப் பிரிப்பார்கள். நோயாளியின் உரிமை, பாதுகாப்பு, நலன் ஆகியவற்றைக் கணிசமாகப் பாதிக்கக்கூடியவை ஒரு வகை. தரவு முழுமையாக இருக்கிறதா, சரியாக இருக்கிறதா, நம்பலாமா என்பதைப் பாதிக்கக்கூடியவை இன்னொரு வகை. ட்ரயல் அறிக்கை எழுதுவதற்கான சர்வதேச வழிகாட்டியான ஐசிஹெச் ஈ3க்கு 2012இல் வந்த கேள்வி-பதிலில் இந்தப் பிரிவு இருக்கிறது. எது மேஜர், எது மைனர் என்று சைட்டில் உட்கார்ந்து நீங்களாகத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஸ்பான்சரின் (ட்ரயலை நடத்தும் கம்பெனி) டீவியேஷன் திட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கும், ட்ரயலுக்கு ஒப்புதல் தரும் உங்கள் எத்திக்ஸ் கமிட்டியின் எஸ்ஓபியில் (செயல்முறை விதிகள்) ஒன்று இருக்கும். இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. ட்ரயல் தொடங்குவதற்கு முன்பே இரண்டையும் அச்செடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், அடித்துப்பிடித்துத் தேடும் நாளில் அது கைக்குக் கிடைக்காது.

ப்ரோட்டோகாலை மீற ஒரே ஒரு இடத்தில் முன் அனுமதி வேண்டாம். நோயாளிக்கு உடனடி ஆபத்து இருந்து, அதை விலக்க வேண்டியிருந்தால் பிஐ (ட்ரயலுக்குப் பொறுப்பான டாக்டர்) செய்துவிடலாம், அப்புறம் தாமதமில்லாமல் எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும். மற்ற எதற்கும் "இந்த ஒரு கேஸுக்கு மட்டும்" என்ற பேச்சே கிடையாது.

நடந்த அன்று

டீவியேஷன் கண்ணில் பட்டதும் லாகை எடுக்காதீர்கள். நோயாளி நன்றாக இருக்கிறாரா என்று பாருங்கள். தப்பான டோஸ் போயிருக்கிறதா, எடுக்கவேண்டிய ஈசிஜி விட்டுப்போனதா, அதனால் இப்போது ஏதாவது செய்ய வேண்டுமா? இதை முடிவு செய்ய வேண்டியவர் பிஐ. அவருக்கு போன் போடுங்கள், போன் போட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எழுதுங்கள். அன்றைக்கே. எழுதும்போது இரண்டு தேதி வேண்டும்: நடந்த தேதி, நமக்குத் தெரியவந்த தேதி. புதியவர்கள் பெரும்பாலும் ஒன்றை மட்டும்தான் போடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் 40 நாள் இருந்தால், உங்கள் சைட்டில் யாரும் எதையும் திருப்பிப் பார்ப்பதில்லை என்று அர்த்தம். அது வெளியே தெரிந்தால் நல்லதுதான், சரிசெய்ய வழி பிறக்கும்.

நான் பார்க்கும் லாகுகளில் பாதி இப்படித்தான் இருக்கும்: "நோயாளி தாமதமாக வந்தார். மீண்டும் அறிவுறுத்தப்பட்டது." இதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. அதையே இப்படி எழுதலாம் (விண்டோ என்பது ஒரு விசிட்டுக்கு அனுமதித்த நாட்கள்): "விசிட் 4, நாள் 57. விண்டோ பிப்ரவரி 28 முதல் மார்ச் 6 வரை. நோயாளி வந்தது மார்ச் 7. விசிட் அட்டையில் எங்கள் சைட் எழுதிக்கொடுத்த தேதி மார்ச் 6, அதாவது விண்டோவின் கடைசி நாள். நோயாளி ஒரு நாள் மருந்தில்லாமல் இருந்தார். பிஐக்கு அன்றே தெரிவிக்கப்பட்டது, நோயாளிக்குத் தொந்தரவு ஏதுமில்லை." கொஞ்சம் நீளம்தான். ஆனால் இதைப் படிப்பவருக்கு உங்களிடம் திரும்பக் கேட்க ஒன்றும் மிச்சமிருக்காது.

தேதியைப் பின்னால் தள்ளி எழுதுவது மட்டும் கூடவே கூடாது. மறந்துபோனதை இன்று எழுதினால் இன்றைய தேதியைப் போட்டு, "தாமதமான பதிவு" என்று குறிப்பிட்டுக் கையெழுத்திடுங்கள். தாமதமான பதிவுக்கு மானிட்டர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். பழைய தேதி போட்டது தெரிந்தால், அந்த ஃபைலில் நீங்கள் உண்மையாக எழுதிய மற்ற எல்லாத் தேதியையும் அதற்கப்புறம் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

விண்டோ கணக்கு

மேலே சொன்ன மார்ச் 7 கதை என் சொந்தக் கதை. எண்ணிப் பாருங்கள். ஜனவரி 6 நாள் 1 என்றால் நாள் 29 பிப்ரவரி 3. நாள் 57, லீப் வருஷம் இல்லாவிட்டால், மார்ச் 3. விண்டோ முன்பின் மூன்று நாள். நோயாளி நாள் 29 விசிட்டுக்கு பிப்ரவரி 6 அன்று வந்தார், விண்டோவுக்குள்தான். நான் என்ன செய்தேன்? அன்றிலிருந்து 28 நாள் எண்ணி அட்டையில் மார்ச் 6 என்று எழுதிக்கொடுத்தேன். வீட்டில் காதுகுத்து, ஒரு நாள் தள்ளி வந்தார். டீவியேஷன்.

எந்த விசிட்டையும் நாள் 1இலிருந்துதான் எண்ண வேண்டும், முந்தைய விசிட்டிலிருந்து எண்ணினால் சறுக்கிக்கொண்டே போகும். (முந்தைய டோஸிலிருந்து எண்ணச் சொல்லும் ப்ரோட்டோகால்களும் உண்டு, உங்களுடையது எது என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.) நோயாளி ரேண்டமைஸ் ஆன (எந்த மருந்துக் குழு என்று குலுக்கல் முறையில் முடிவான) அன்றே கடைசி விசிட் வரைக்கும் எல்லா விண்டோவையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எழுதிய கையோடு காலண்டரைப் பாருங்கள். பொங்கல் நாலு நாள், ரமலான் நோன்பு, அந்த ஊர்த் திருவிழா, மாலை போட்டவர்கள் சபரிமலை கிளம்பும் நாட்கள். இதெல்லாம் எந்த ஊரிலோ உட்கார்ந்து ப்ரோட்டோகால் எழுதியவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

கன்சென்ட்

எனக்குத் தூக்கம் போவது இந்த ஒன்றில்தான். விசிட் மூன்று நாள் தள்ளிப்போனால் ஒரு எண் போகும். கன்சென்ட் தப்பானால் ஒரு மனிதரிடம் கேட்காமலே அவர்மேல் சோதனை செய்ததாக ஆகிவிடும்.

அடிக்கடி நடப்பது பழைய வெர்ஷனில் கையெழுத்து. ப்ரோட்டோகால் திருத்தம் வருகிறது, ஆங்கிலப் படிவம் வெர்ஷன் 3 ஆகிறது, எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் தருகிறது. தமிழ் மொழிபெயர்ப்புக்கு ஒப்புதல் வர இன்னும் மூன்று வாரம். அதற்குள் புதிய நோயாளி வருகிறார், தமிழ் மட்டும்தான் படிப்பார். ஒரு சைட்டில் பழைய தமிழ்ப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இன்னொன்றில் ஆங்கிலப் படிவத்தைக் கொடுத்து வாயால் விளக்கினார்கள். இரண்டும் டீவியேஷன்தான். அந்த மூன்று வாரம் அவரைச் சேர்க்காமல் காத்திருப்பதுதான் வழி. சேர்க்கை எண்ணிக்கை குறைகிறது என்று மேலிருந்து போன் வரும். வரட்டும்.

இதைத் தடுக்க நான் செய்வது ஒன்றுதான்: வெற்றுப் படிவங்களை முன்கூட்டியே அச்செடுத்து அடுக்கிவைக்க மாட்டேன். நோயாளி வரும் அன்று, வேண்டிய இரண்டு பிரதி மட்டும். புதிய வெர்ஷனுக்கு ஒப்புதல் கடிதம் வந்த நிமிஷமே பழைய வெற்றுப் படிவங்களுக்குக் குறுக்கே கோடு. மேஜை டிராயர், டாக்டர் அறை, வார்டு என்று மூன்று இடத்திலும் தேட வேண்டும். வார்டில் எப்போதும் ஒரு கட்டு மிச்சமிருக்கும்.

நேரத்தைப் பாருங்கள். கன்சென்ட் 8.45, லேப் ட்யூப்பில் 8.10. ரத்தம் எடுத்த பையன் உதவியாக இருக்கட்டும் என்று முந்திக்கொண்டான். அந்த வெற்று லாக் சைட்டில் நான் முதலில் கண்டுபிடித்ததே இதுதான், இரண்டு நோயாளிகளுக்கு. படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், பேச்சு முழுக்கப் பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். டெலிகேஷன் லாகில் (யாருக்கு எந்த ட்ரயல் வேலை என்ற பட்டியல்) பெயர் உள்ள நர்ஸ் சாட்சி ஆக முடியாது, அவர் நம் ஆள். தேதியை நோயாளியே எழுத வேண்டும். கை நடுங்கும் பெரியவருக்கு நாமே போட்டுக்கொடுத்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள், காத்திருங்கள்.

2013இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கை ஒட்டித்தான் கன்சென்ட்டை வீடியோவில் பதிவு செய்யும் கட்டாயம் வந்தது. இப்போதைய 2019ஆம் வருஷ விதிகளின்படி, புதிய வேதிப்பொருள் அல்லது புதிய மூலக்கூறு மருந்து ட்ரயலில் எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ளவர்களைச் சேர்க்கும்போது வீடியோ வேண்டும். எச்ஐவி, தொழுநோய் மருந்துகளுக்கு ஒலிப்பதிவு மட்டும். நான் தரும் ஆலோசனை சின்னதுதான்: நோயாளி அறையை விட்டு எழுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேரம் பேசி முடித்து, மைக் ஆன் ஆகவே இல்லை என்று மறுநாள் தெரிந்துகொண்டவள் சொல்கிறேன்.

டாக்டரிடம் சொல்வது

ட்ரயலுக்குப் பொறுப்பு பிஐ. ஆனால் அவர் ஓபியில் 80 பேரைப் பார்த்துவிட்டு வருகிறார், நாம் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். கையெழுத்து இருக்கிறது, கண்காணிப்பு இல்லை. வாரம் ஒருநாள், பதினைந்து நிமிஷம் கேளுங்கள். எனக்கு புதன்கிழமை ஓபி முடிந்ததும் கிடைத்தது. அந்த வாரம் என்ன தப்பியது, எந்த நோயாளியைப் பற்றிக் கவலை, அடுத்த வாரம் எந்த விண்டோ முடிகிறது என்ற மூன்று கேள்விதான். பேசியதை இரண்டு வரியில் எழுதி, தேதி போட்டு அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

டாக்டரே ப்ரோட்டோகாலை மீறச் சொல்லும்போதுதான் சிக்கல். ஒரு ட்ரயலில் சேர்க்க ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) உச்ச வரம்பு 10.5. ரிப்போர்ட்டில் 10.6. "பாயிண்ட் ஒண்ணுதானேம்மா, சேர்த்துடு" என்றார். பெரிய டாக்டர், என் அப்பா வயசு. "முடியாது" என்று சொல்ல நா எழவில்லை. "சார், ரீ-ஸ்கிரீனிங் ஒரு தடவை பண்ணலாம்னு பக்கம் 34ல இருக்கு. இப்ப சேர்த்தா இவரோட டேட்டாவையே எடுக்காமப் போயிடலாம், அவர் வந்துபோன கஷ்டம் வீண்" என்றேன். பக்கத்தையும் திறந்து காட்டினேன். ஒத்துக்கொண்டார். தகுதியில்லாதவரைச் சேர்க்க ஸ்பான்சரிடம் 'வெய்வர்' (விதிவிலக்கு) வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள், பெரும்பாலான ஸ்பான்சர்கள் தர மாட்டார்கள். தந்தாலும் டீவியேஷன் டீவியேஷன்தான்.

மாத்திரை எண்ணுவது

சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் 1956. அங்கே நடந்த முதல் பெரிய ட்ரயல், சானடோரியத்தில் படுக்கவைத்து மருந்து கொடுப்பதையும் வீட்டிலேயே கொடுப்பதையும் ஒப்பிட்டது. வீட்டில் இருப்பவர்கள் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறார்களா என்று அறிய, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மருந்தை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். நோயாளி சொல்வதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை.

நமக்கு அத்தனை தூரம் போக வேண்டியதில்லை, கணக்கு சரியாகப் போட்டால் போதும். தினம் இரண்டு, 28 நாள், ஆக 56 வேண்டும். 60 கொடுத்தீர்கள், 11 திரும்பி வந்தது. சாப்பிட்டது 49, அதாவது 87.5 சதவீதம். ப்ரோட்டோகால் 80 முதல் 120 வரை அனுமதித்தால் சரி. ஆனால் மூன்று நாள் தாமதமாக வந்தவருக்கும் 56ஆல் வகுக்காதீர்கள். அவருக்கு 62 தேவைப்பட்டிருக்கும், கையில் இருந்ததோ 60. ஒரு நாள் மருந்தில்லாமல் இருந்திருக்கிறார். அப்புறம், காலி பாட்டிலைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். 28 நாளில் 60ம் தீர்ந்தால் 107 சதவீதம், வரம்புக்குள்தான். மிச்ச நாலு எங்கே போயிற்று? "மீதி இருந்தா நீங்க திட்டுவீங்கன்னு தூக்கிப் போட்டுட்டேன்மா" என்று ஒருவர் சொன்னார். திட்டாமல் கேட்டால்தான் இது வெளியே வரும்.

குளிர்பதன மருந்து பற்றிச் சுருக்கமாக. 2 முதல் 8 டிகிரி. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய் அளவு தாண்டியது திங்கட்கிழமை டேட்டா லாகரில் (வெப்பநிலையைப் பதியும் கருவி) தெரிந்தால், மருந்தைத் தூக்கிப் போடாதீர்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். 'பயன்படுத்தக் கூடாது' என்று எழுதி, சரியான குளிரிலேயே தனியாக வைத்து, லாகர் பதிவை ஸ்பான்சருக்கு அனுப்பி, எழுத்தில் பதில் வரும்வரை காத்திருங்கள். முக்கியமாக, திங்கட்கிழமை காலையில் லாகரைப் பார்த்துவிட்டுத்தான் முதல் நோயாளிக்கு மருந்து எடுக்க வேண்டும். நான் ஒருமுறை எடுத்துக்கொடுத்துவிட்டு அப்புறம் பார்த்தேன்.

எஸ்ஏஇ (நோயாளிக்கு நேரும் கடுமையான உடல் பாதிப்பு) வேறு ரகம். பிஐ 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் ஸ்பான்சருக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் தெரிவிக்க வேண்டும், 14 நாளில் ஆய்வறிக்கை. நோயாளி வேறு ஊர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஐந்து நாள் கழித்து மகன் போன் செய்தால்? தெரிந்த உடனே அனுப்பி, தாமதத்துக்குக் காரணத்தையும் சேர்த்தே எழுதுங்கள், விதி அதைத்தான் கேட்கிறது. மகன் நம்பர், மருமகள் நம்பர் இரண்டையும் சேர்க்கும் நாளிலேயே வாங்குங்கள்.

காரணம் எங்கே இருக்கிறது

மாதம் ஒருமுறை லாகை எடுத்துவைத்து எண்ணிப் பாருங்கள். எந்த விசிட்டில் அதிகம், எந்த வேலையில் அதிகம், யார் டியூட்டியில் இருந்தபோது அதிகம். ஒரே வகை மூன்று முறை வந்தால் அது அந்த நோயாளியின் பிரச்சினை இல்லை, நம் ஏற்பாட்டின் பிரச்சினை.

என் ட்ரயலில் ஒரு அம்மா. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும், நாலு விசிட்டாக ஏதாவது குடித்துவிட்டே வருவார். நாலு தடவையும் நான் "மீண்டும் அறிவுறுத்தப்பட்டது" என்று எழுதினேன். கேப்பா (சரிசெய்யவும் மறுபடி வராமல் தடுக்கவும் எடுத்த நடவடிக்கை) கட்டத்தில் எழுதுவதற்கு இதைவிடச் சுலபமான வாக்கியம் உலகத்தில் இல்லை. ஐந்தாவது தடவைதான் உட்காரவைத்துக் கேட்டேன்.

"ஏந்தாயி, ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டது. ஊர்ல மொத பஸ்ஸே ஆறே காலுக்கு. இங்க வந்தா சீட்டு வாங்க, லேப்ல நிக்க, பதினோரு மணி ஆயிருது. நான் சுகர்க்காரி, கிறுகிறுன்னு வருது. ஒரு டீத்தண்ணி குடிச்சது தப்பா?"

தப்பே இல்லை. சர்க்கரைக்காரரைப் பதினாறு மணி நேரம் பட்டினி போட்ட எங்கள் வரிசைதான் தப்பு. ட்ரயல் நோயாளிகள் ஓபி வரிசையில் நிற்காமல் நேராக லேபுக்குப் போக வழி செய்தோம், டெக்னீஷியனை எட்டு மணிக்கு வரச்செய்தோம். எத்திக்ஸ் கமிட்டி ஏற்கெனவே ஒப்புதல் தந்திருந்த சாப்பாட்டுச் செலவில், ரத்தம் எடுத்த கையோடு கேன்டீனிலிருந்து நாலு இட்லி. அதற்கப்புறம் அந்த ட்ரயலில் அந்த வகை டீவியேஷன் ஒன்றே ஒன்று வந்தது, அதுவும் கேன்டீன்காரர் முந்திக்கொண்டு காபி கொடுத்ததால்.

ஆகவே கேப்பா எழுதும்போது "யார்" என்று நிறுத்தாமல் "ஏன்" என்று கேட்டுக்கொண்டே போங்கள். பஸ் நேரம், சாவி வைத்திருப்பவரின் லீவு, படிவம் இருக்கும் டிராயர் மாதிரி கையால் தொட்டு மாற்றக்கூடிய ஒன்று வரும்வரை. மாற்றியதும் விட்டுவிடாதீர்கள், இரண்டு மாதம் கழித்துப் பலித்ததா என்று பார்க்க ஒரு தேதி குறித்துவையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் லாக், எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்பியவற்றின் பட்டியல், ஸ்பான்சரின் கணினியில் இருக்கும் பட்டியல் மூன்றும் ஒருநாளும் தானாக ஒத்துப்போகாது. சைட்டை மூடும்போது உட்கார்ந்தால் ஒரு வாரம் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் ஒரு மணி நேரம்.

வெற்று லாக் வைத்திருந்த அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தது நாலு மாதம் கழித்து. லாகில் 17 வரி. அவளே கண்டுபிடித்து எழுதியது பதினொன்று.

"பதினேழு இருக்குக்கா, பரவாயில்லையா?"

"எழுதின தேதியெல்லாம் எழுதின அன்னிக்குத் தேதிதானே?"

"ஆமாக்கா. ரெண்டு மட்டும் லேட் என்ட்ரி, அப்படின்னு போட்டிருக்கேன்."

"சரி, வா, ஃப்ரிட்ஜைக் காட்டு."